ஒரு கரண்டி ஈஸ்ட்

வெள்ளவத்தை வீட்டில் சோறு வேகுமுன் பானையை மூன்று தரம் திறந்து பார்ப்பவள் நான். என்னை நம்பி ஆய்வுகூடத்தில் வேலை தந்தவர்களைச் சொல்ல வேண்டும்.

அன்று எனக்கு இருந்த வேலை கொட்டாஞ்சேனைப் பெண்ணொருத்தியின் குடுவையைப் பார்த்துக்கொள்வது மட்டுந்தான். தன் பட்டத்துக்காக அவள் பற்றீரியாக் கிருமிகளைக் கொண்டு மனிதப் புரதமொன்றைச் செய்விக்கிறாள். அந்தப் புரதத்தில் பாரமான நைதரசன் ஏறினால்தான் வெளிநாட்டு இயந்திரத்தின் கண்ணில் அது சரியாகப் படும். ஆகவே அந்த நைதரசன் உள்ள உப்பைத் தவிர வேறு நைதரசன் எதையும் கிருமிகளுக்குக் கொடுக்கக்கூடாது. மாதக்கணக்காய்க் காத்திருந்து எடுப்பித்த உப்பு. இருந்த ஒரேயொரு போத்தலும் குடுவைக்குள் போயாயிற்று. அடுத்த மாதம் இந்தப் புரதத்தோடு அவளுக்குப் பயணம். போகாவிட்டால் செலவையெல்லாம் திருப்பிக் கட்டுவதாக ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கத்தான் புதுக்கடையில் சட்டத்தரணியிடம் புறப்பட்டாள்.

"சும்மா பாத்துக்கிட்டா போதும் அக்கா. மெதுவாத்தான் வளரும்," என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

சும்மா இருக்க எனக்கு எங்கே தெரியும்? பத்து மணிக்குப் பார்த்தேன், பச்சைத்தண்ணீராய் நின்றது. பதினொன்றுக்கும் அப்படியே. நடையில் போய்வந்தேன், தேத்தண்ணி குடித்தேன், துடைத்த மேசையையே திரும்பவும் துடைத்தேன். ஒரு மணிக்கு லேசாய் ஒரு மங்கல், அவ்வளவுதான். பாவம், பட்டினி கிடக்குதுகள் என்று மனம் அடித்துக்கொண்டது. மற்ற நாட்களில் வளர்ச்சி மந்தமானால் கிருமிகளுக்குத் தீனியாய் ஈஸ்ட் தூள் ஒரு கரண்டி போடுவது என் பழக்கம். கை தானாகப் போயிற்று.

நாலு மணிக்குக் குடுவை மோர் போலக் கலங்கியிருந்தது. அப்போதுதான் உறைத்தது. ஈஸ்டிலும் நைதரசன் இருக்கிறது, சாதாரண நைதரசன். கிருமிகள் அதைத்தான் முந்தித் தின்றிருக்கும். என்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் கரண்டியைத் தூக்கி எறிந்தேன்.

அவள் வியர்க்க விறுவிறுக்க வந்தாள். ஃபைலை மேசையில் போட்டுவிட்டு நேரே குடுவையிடம் ஓடினாள்.

"அக்கா, வளந்திருச்சு! உங்களுக்கு நல்ல கைராசி!"

உடனே அம்மாவுக்குப் போன் எடுத்தாள்.

"பிள்ளை, போனை வையும்," என்றேன். "நான் அதுக்குள்ள ஈஸ்ட் போட்டனான்."

அவள் வைக்கவில்லை. கையெழுத்து வைத்தாயிற்றா என்று அவளுடைய அம்மா கேட்பது எனக்கும் கேட்டது.

"வச்சாச்சும்மா," என்றாள், குடுவையைப் பார்த்தபடி.