கதிர்காமநாதனின் மகள் என்ன படிக்கிறாள்?

கதிர்காமநாதனின் மகள் கஜந்தினி கம்பஸில் படிப்பது கால்நடைத் தாதியியல். நாய், பூனை, முயல், சில நாட்களில் மாடு என்று வாயில்லாச் சீவன்களுக்கு நேர்ஸ். இரண்டு வருடமாக இந்த விஷயம், புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கும் ஹென்டர்சனில், தங்கள் வீட்டு வாசலைத் தாண்டாமல் மனுசன் பொத்திப் பொத்தி வைத்திருந்தார். கோயிலில் யாராவது கேட்டால் "மகள் நேர்சிங் செய்யிறா" என்பார். யாருக்கு நேர்ஸ் என்ற பாதியைப் பஞ்சாமிர்தத்தோடு சேர்த்து விழுங்கிவிடுவார்.

அவள் கிளென்ஃபீல்டில் ஒரு கிளினிக்கில் வாரம் இரண்டு நாள் பயிற்சிக்குப் போனாள். மயங்கிக் கிடக்கும் நாயின் மூச்சை எண்ணினாள், சீறும் பூனையிடம் இரத்தம் எடுத்தாள். கையெல்லாம் கீறல். அப்பாவுக்கு அந்தக் கீறல்தான் கண்ணில் பட்டது. மனிதருக்கான நேர்சிங்குக்கு மாறச் சொல்லி, ஃபோர்மையும் பிரிண்ட் எடுத்து மேசையில் வைத்துவிட்டார். மாத முடிவுக்குள் அனுப்ப வேண்டும். சண்டைக்குப் பயந்து "பாப்பம்" என்று சொல்லி வைத்திருந்தாள் கஜந்தினி. அப்படிச் சொன்னதற்காகத் தன் மேலேயே அவளுக்கு எரிச்சலாக வந்தது.

அந்தச் சனிக்கிழமை தியாகலிங்கம் வீட்டில் வைரவர் பூசை. தியாகலிங்கம் கோயில் சபைக்காரர். மைக்கைக் கையில் கொடுத்தால் திருப்பி வாங்க நாலு பேர் வேண்டும். வடைமாலை சாத்தி, தீபம் காட்டி முடிந்ததும், வைரவரின் வாகனம் அல்லவா என்று, தன் வீட்டு நாய் பிறவுணிக்கு ஒரு தட்டு நிறையச் சர்க்கரைப் பொங்கல் வைத்தார். அதில் நெய், கஜு, யாழ்ப்பாணத்தார் பிளம்ஸ் என்று சொல்லும் உலர்திராட்சை. கஜந்தினி ஓடி வருவதற்குள் பிறவுணி தட்டை நக்கி முடித்துவிட்டது.

"அங்கிள், பிளம்ஸ் நாய்க்குக் குடுக்கக் கூடாது. கிட்னியை அடிச்சிடும். உடன சத்தி எடுக்க வைக்கவேணும், திண்டதெல்லாம் வெளியில வரவேணும்."

"உனக்கு ஆர் பிள்ளை சொன்னது?"

"நான் படிக்கிறதே அதுதான், அங்கிள். மிருகங்களுக்கு நேர்சிங்."

கதிர்காமநாதன் கையிலிருந்த வடையையே பார்த்துக்கொண்டிருந்தார். தியாகலிங்கம் வயிறு குலுங்கச் சிரித்தார். "நாய்க்கு நேர்ஸ் பாக்கவும் கம்பஸோ? வைரவற்ர பிரசாதம் அவற்ர வாகனத்துக்கு நஞ்சோ?" கூடியிருந்த சனமும் சிரித்தது. இலவசமாகச் சிரிக்கக் கிடைத்தால் நம் சனம் விடுமா?

"வாயை மூடிக்கொண்டு இரு பிள்ளை" என்றார் கதிர்காமநாதன்.

சிரிக்காத ஒரே ஆள் தியாகலிங்கத்தின் மனைவி சீதா. கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு, "நாயைத் தூக்கிக்கொண்டு வா பிள்ளை" என்றார். விடுமுறை நாளிலும் திறந்திருக்கும் கிளினிக்குக்கு ஓட்டினார்கள். டொக்டர் ஊசி போட, பிறவுணி சத்தி எடுக்க, கஜந்தினி கையுறை போட்டு அதைக் கிளறி, ஊதிப் போன திராட்சைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். நாற்பத்தொன்று. இரண்டு நாள் சேலைன் ஏற்றி, இரத்தம் பார்த்து, கிட்னிக்குப் பழுதில்லை என்று அனுப்பினார்கள்.

வாலை ஆட்டிக்கொண்டு வந்த நாயைத் தியாகலிங்கம் ஊருக்கே காட்டினார். "பாத்தியளே, ஒண்டும் செய்யேல்லை. வைரவர் விடுவாரே?" வைரவருக்கு இன்னொரு வடைமாலை நேர்ந்தார். கஜந்தினிக்கு ஒரு தேங்க்ஸ்கூட இல்லை.

அன்று பின்னேரம் கதிர்காமநாதன் மகளுக்கு முன்னால் ஃபோர்மைத் தள்ளினார். "ஊரெல்லாம் சிரிக்குது. இண்டைக்கே அனுப்பு."

"அனுப்பமாட்டன், அப்பா." ஒரு வழியாகச் சொல்லிவிட்டாள். "அந்த நாய் செத்திருந்தா எல்லாரும் என்னை நம்பியிருப்பினம். அது செத்து நான் நல்ல பேர் எடுக்க வேண்டாம். நான் இதையேதான் படிக்கப்போறன்."

அவர் ஃபோர்மைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, "சனம் கேட்டா நான் என்னத்தைச் சொல்லுறது?" என்றார்.

"நாய்க்கு நேர்ஸ் எண்டு சொல்லுங்கோ. முதல் தரம்தான் கஷ்டமா இருக்கும்."