சந்தையில் மீன் இல்லாத நாள்

நான் வயல்காரன். முரசுமோட்டையில மூண்டு ஏக்கர் நெல்லுக்காணி. அப்பாவும் வயல்காரன், அவரின்ரை அப்பாவும் வயல்காரன். எங்கடை பரம்பரையில ஒருத்தருக்கும் தூண்டில் பிடிக்கத் தெரியாது. ஆனால் இண்டைக்கு வன்னியில எந்தத் தண்ணியில எந்த மீன் எப்ப கடிக்கும் எண்டு என்னட்டைக் கேளுங்கோ, கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவன். உதில பெருமைப்பட ஒண்டும் இல்லை. வருசத்தில ஒரே ஒரு நாள் எனக்குக் கட்டாயம் மீன் வேணும். அண்டைக்குப் பார்த்து இந்தப் பக்கத்துச் சந்தை ஒண்டிலயும் மீன் இராது.

வைகாசியில, சண்டை முடிஞ்ச நாள். இஞ்சை வீட்டுக்கு வீடு ஆரோ ஒருத்தருக்கு அண்டைக்குத் திவசம். கடலுக்கு ஒருத்தரும் இறங்கமாட்டினம். மீன் பலகையெல்லாம் கழுவிக் காய்ஞ்சு கிடக்கும். சந்தி சந்தியாக் கஞ்சி காய்ச்சிக் குடுப்பினம். ஊர் முழுக்க மரக்கறி. எங்கடை குசினியில மட்டும் மீன் குழம்பு கொதிக்கும். பக்கத்து வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு பேசாமல் இருப்பினம். அவைக்குக் காரணம் தெரியும்.

காரணம் என்ரை மனுசி. எங்கடை ஒரே மகன், பத்தொன்பது வயசு, கடைசி நாளில வட்டுவாகல் பாலத்தடியில எங்களோடை நிண்டவன். பேர் பதிஞ்சுபோட்டு விடுவம் எண்டு சொல்லி ஆமிக்காரர் இளம் பெடியளைப் பஸ்ஸில ஏத்தினவை. இவனும் ஏறினான். "அம்மா, மத்தியானத்துக்கு வந்திடுவன்" எண்டு கையைக் காட்டினான். பஸ் போயிட்டுது. அதுக்குப் பிறகு ஒரு சேதி இல்லை, ஒரு துண்டுக் கடுதாசி இல்லை.

மற்ற வீடுகளில உடம்பைக் கண்டவை, இல்லாட்டிக் கண்ட ஆக்கள் வந்து சொன்னவை. எங்களுக்கு ஒண்டும் இல்லை. முதலாவது வருசம் நான் பூசணிக்காயும் பயித்தங்காயும் வாங்கிக்கொண்டு வந்தன். மனுசி பையைப் பிடுங்கி முத்தத்தில எறிஞ்சாள். "செத்தவைக்குத்தானே மரக்கறி? என்ரை பிள்ளை மத்தியானம் வந்து நிண்டால் என்னத்தைத் தின்னுறது?" எண்டு கத்தினாள். கருவாடு அவனுக்கு ஒத்துவராது, உடம்பெல்லாம் கடிக்கும். டின் மீன் மணத்துக்கே சத்தி எடுப்பான். முதல் நாளே வாங்கி ஐஸ்பெட்டியில வைப்பம் எண்டால், "பிள்ளைக்குப் பழசோ?" எண்டு கேட்பாள். ஆக, அண்டைக்குப் பிடிச்ச மீன் அண்டைக்கே வேணும். மத்தியானம் அவனுக்கு ஒரு கோப்பையில சோறும் மீனும் போட்டு மூடி வைப்பாள். பின்னேரம் அந்தச் சோத்தைக் காகத்துக்கு வைக்கமாட்டாள். காகத்துக்கு வைக்கிறது செத்தவைக்கு. நாய்க்குத்தான் போடுவாள்.

அப்பிடித்தான் நான் தூண்டில்காரன் ஆனது. நாள் கிட்டக்கிட்ட, ஒவ்வொரு தண்ணியாப் போய்ப் பார்த்து வைப்பன். இரணைமடுக் குளக்கட்டில, துருசு திறந்து வாய்க்காலுக்குத் தண்ணி விடுற இடத்தில, விடியக் காலமை மண்புழுவோடை குந்தினால் ஜப்பான் மீன் எண்டு நாங்கள் சொல்லுற திலாப்பியா ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டாப் படும். ஆனால் அந்தக் குளத்துக்குள்ள பட்ட மரங்கள் நிக்குது. அதில தூண்டில் கொழுவினால், கீழ ஒருத்தர் கையால பிடிச்சிருக்கிறது மாதிரி இருக்கும். நான் இழுக்கமாட்டன், நூலை வெட்டிவிட்டிடுவன்.

ஆனையிறவில உப்பளத்துக்கு அங்காலை, பரவைக்கடலில முழங்கால் தண்ணிக்குள்ள நிண்டால் மணலை வரும், திரளி வரும். ஒருக்காத் தூண்டிலில ஒரு செருப்பு வந்தது. சின்னப் பிள்ளையின்ரை செருப்பு, வார் அறாமல் இருந்தது. அதை என்ன செய்யிறது எண்டு தெரியாமல் கன நேரம் கையில வைச்சுக்கொண்டு நிண்டன். எறிய மனம் வரேல்லை. குனிஞ்சு, எடுத்த இடத்திலயே மெல்ல வைச்சுப்போட்டு வீட்டை வந்திட்டன். அண்டைக்கு ஒரு மீனும் இல்லை.

முல்லைத்தீவுக் கரையில, தரையாலை வீசுற சோளகக் காத்துக்குக் கடல் அலையில்லாமல் கிடக்கும். கரையில நிண்டு எறிஞ்சாலே பாரைக் குஞ்சு படும். காத்து முதுகுப் பக்கத்தாலை வரும். எனக்குப் பேய் பிசாசில நம்பிக்கை இல்லை, சத்தியமாச் சொல்றன். ஆனால் அந்தக் காத்துக்குள்ள ஒரு குரல் "பட்டுதோ அப்பா?" எண்டு கேட்கும். திரும்பிப் பார்த்தால் வெறும் மணல். இப்ப நான் திரும்புறதில்லை. "இன்னும் இல்லையடா" எண்டு சொல்லிப்போட்டு நிப்பன்.

அந்த வட்டுவாகல் பாலத்தடியில கிடக்கிற நந்திக்கடல் எண்டால் மீனும் இறாலும் கொழுத்துக் கிடக்கும் எண்டு எல்லாரும் சொல்லுவினம். நான் அதில தூண்டில் போட்டதில்லை. மனுசி போடாதேங்கோ எண்டு சொன்னதும் இல்லை.

அவன் இல்லை எண்டு எனக்குத் தெரியும். நான் விசரன் இல்லை. ஒரு திவசத்தைக் குடுத்து, ஒரு பிடி எள்ளும் தண்ணியும் இறைச்சு, பிள்ளையை நிம்மதியாப் போகவிடவேணும் எண்டுதான் இவ்வளவு வருசமும் என்ரை மனம். மனுசிக்குச் சொல்லத்தான் வாய் வரேல்லை. அதுதான் போன வருசம் கனடாவில இருக்கிற அவளின்ரை தம்பியை வரச்சொல்லிக் கேட்டன். "நீ சொன்னால் அக்கா கேட்பா. இந்த வருசமாவது மரக்கறி சமைக்கப் பண்ணு" எண்டன்.

மச்சான் வந்தான். சூட்கேசுக்குள்ள ஒரு தடி. ஈர்க்கு மாதிரி மெல்லிசு, சுண்டினால் ஆடுது. ஒரு பெட்டி நிறையத் தூண்டில் முள்ளு, ஒவ்வொண்டிலயும் கலர் கலரா இறகு.

"இதென்ன தம்பி, கோழிச் செட்டையோ?"

"அத்தான், இது ஃபிளை ஃபிஷிங். மீன் இதை ஈ எண்டு நினைச்சுக் கடிக்கும்."

"கனடா மீன் கடிக்கும். எங்கடை மீனுக்கு அவ்வளவு விசர் இல்லை."

அவன் சிரிச்சான். பின்னேரம் அக்காவோடை குசினிக்குள்ள இருந்து கன நேரம் கதைச்சான். நான் வெளியில கதிரையைப் போட்டுக்கொண்டு காதைக் குடுத்தபடி இருந்தன். அவள் எல்லாத்தையும் கேட்டுப்போட்டு ஒரு வசனம்தான் சொன்னாள். "நாளைக்கு அத்தானோடை போய் நல்ல விராலாப் பார்த்துக் கொண்டு வா, தம்பி. அவனுக்கு விரால் எண்டால் உயிர்."

விடியவே ரெண்டு பேரும் வயலுக்குப் பின்னாலை இருக்கிற சின்னக் குளத்துக்குப் போனம். தாமரை மூடின குளம், விரால் கிடக்கிற இடம். என்ரை மண்புழுவை ஒண்டும் திரும்பியும் பார்க்கேல்லை. வெயில் ஏற ஏற நான் இடம் மாறி மாறி எறிஞ்சு பார்த்தன். இவன் அங்காலை நிண்டு அந்தத் தடியைச் சாட்டை மாதிரிச் சுழட்டிச் சுழட்டி எறியிறான். நான் வாய்க்குள்ள பேசிக்கொண்டு நிண்டன்.

பத்து மணி இருக்கும். தாமரை இலைக்கு நடுவில தண்ணி வெடிச்சது. தடி வில்லா வளைஞ்சுது. "அத்தான்!" எண்டு கத்தினான். விரால்! முழங்கை நீளம். நான் உரப்பையைத் தூக்கிக்கொண்டு சேத்துக்குள்ளாலை ஓடினன். விழுந்தன், எழும்பினன். அவன் தண்ணிக்குள்ள முழங்காலில இருந்து, மீனை ரெண்டு கையாலயும் தாங்கி, முள்ளைக் கழட்டி, அதின்ரை முகத்தைப் பார்த்துச் சிரிச்சான். பேந்து கையை விரிச்சான். மீன் தண்ணிக்குள்ள போயிட்டுது.

"அட கோதாரி விழுவானே! என்னடா செய்தனி?"

அவன் தன்ரை வெறும் கையைப் பார்த்தபடி நிண்டான். "அங்கை நாங்கள் பிடிச்சால் விட்டிடுவம் அத்தான். இருபது வருசப் பழக்கம். கை தன்ரைபாட்டில விட்டிட்டுது."

அவனை அடிக்கக் கை ஓங்கினன். அவன் அழத் தொடங்கினபடியால் விட்டன். மத்தியானம் வரைக்கும் மாறி மாறி எறிஞ்சம். ஒரு குஞ்சு மீன்கூடப் படேல்லை.

மனுசி குசினி வாசலில நிண்டாள். தேங்காய் துருவி, புளி கரைச்சு, எல்லாம் தயார். நான் ஒரு பொய் சொல்ல வாயெடுத்தன். அதுக்குள்ள தம்பிக்காரன், "அக்கா, ஒரு விரால் பட்டது. நான் விட்டிட்டன்" எண்டான்.

"பெரிசோ?"

"ஓம் அக்கா."

"உயிரோடையே போனது?"

"ஓம். வாலை அடிச்சுக்கொண்டு போட்டுது."

அவள் கத்துவாள், தலையில அடிப்பாள் எண்டு நான் முன்னுக்குப் போய் நிண்டன். அவள் எங்கடை சேத்துக் காலைப் பார்த்தாள். பிறகு புளித்தண்ணியை வெளியில ஊத்தினாள். உள்ள போய்ப் பூசணிக்காய் வெட்டுற சத்தம் கேட்டது.

சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி. மூண்டு பேர் இருந்தம், மூண்டு கோப்பைதான் வைச்சாள். மூடிவைக்க ஒண்டும் வைக்கேல்லை.

"எனக்கும் இனி ஏலாதப்பா" எண்டாள். குரலில அழுகை இல்லை. "ஒவ்வொரு வருசமும் நாய்க்குக் கொட்டிப்போட்டு அந்தக் கோப்பையைக் கழுவேக்குள்ள எனக்கு உயிர் போகுது. திவசத்துக்கு என்னென்ன வேணும் எண்டு ஐயரிட்டைக் கேளுங்கோ."

நான் இவ்வளவு காலமும் கேட்டது இதுதான். கடல் தாண்டி ஆளைக் கூப்பிட்டதும் இதுக்குத்தான். சோத்தைப் பார்த்தன். மஞ்சள் பருப்பு சோத்துக்குள்ள ஊறிக்கொண்டு கிடந்தது. கோப்பையை அங்காலை தள்ளினன்.

"ஆர் சொன்னது அவன் செத்தவன் எண்டு?" எண்டு கத்தினன். "நீர் கண்டனீரோ? ஆர் கண்டது?"

மச்சான் பேயடிச்சவன் மாதிரி என்னைப் பார்த்தான். மனுசி பார்க்கேல்லை. எழும்பி வந்து எனக்குப் பக்கத்தில நிலத்தில இருந்தாள். என்ரை கோப்பையில இருந்த சோத்தையும் பருப்பையும் தன்ரை கையால குழைச்சு, ஒரு பிடி பிடிச்சு, என்ரை வாயடிக்குக் கொண்டுவந்தாள்.

"சாப்பிடுங்கோப்பா. இந்த ஒரு வாய்."

அந்த ஒரு வாயை விழுங்கினால் என்ரை பிள்ளை செத்திடுவான். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டு இருந்தன்.