போர்க்கப்பலடியில் எடுத்த படம்

பழைய பெயின்ற் மணம்... அதோடு எண்ணெய் மணம். அந்தப் போர்க்கப்பலின் வயிற்றுக்குள் இறங்கியதும் முதலில் மூக்கில் ஏறியது அதுதான். இன்றைக்கும் யாராவது வீட்டுக்குப் பெயின்ற் அடித்தால் எனக்கு அந்த இரும்புப் படிகள் ஞாபகம் வரும்.

நேற்று சிவா எங்கள் இந்தக் குறூப்பில் எழுதியிருந்தான்.

"அன்ரன் அண்ணை கையைத் தூக்கிக்கொண்டு நிக்கிற படம் உன்னட்டைத்தானே கிடக்கு? போடு மச்சான், பாத்துச் சிரிச்சுக் கனகாலம்."

கீழே ஏழெட்டுப் பேர் சிரிக்கும் முகங்களைப் போட்டிருந்தீர்கள். படம் இருக்கிறது. போடுவதா விடுவதா என்று யோசித்தே ஒரு பகல் போய்விட்டது. அதனால் கதையை முதலில் எழுதுகிறேன்.

அப்போது கனடாவில் ஒன்றாக இருந்தது நாங்கள் மூன்று பேர். நான், சிவா, அன்ரன் அண்ணை. பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடியில் ஒற்றை அறை வீடு. ஒரே ரெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவினோம். அண்ணைக்கு எங்களைவிடப் பன்னிரண்டு வயது கூட. மன்னாரில் கடல் தொழில் செய்தவர். கதைப்பது குறைவு. மீன் குழம்பு அவர் வைத்தால்தான் எங்களுக்குச் சோறு இறங்கும். எனக்கோ யாரையாவது நக்கலடித்தால்தான் இறங்கும்.

மூன்று பேருக்கும் கனேடியப் பாஸ்போட் கைக்கு வந்த கோடை அது. சும்மா இருக்க முடியுமா... வாடகைக்கு ஒரு கார் எடுத்து, எல்லை தாண்டி அமெரிக்காவுக்கு ஓடினோம். ஒரு துறைமுகத்தில் பழைய போர்க்கப்பலை மியூசியமாக்கி வைத்திருந்தார்கள். அதைப் பார்ப்போம் என்றது நான்தான்.

"நீங்கள் போட்டு வாங்கோ. நான் காருக்கை இருக்கிறன்" என்றார் அண்ணை.

விடவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

உள்ளே ஒரு ஊரே இருந்தது. சுவரோடு தொங்கும் கட்டில்கள், பாண் சுடும் போறணை, முடிவெட்டும் கதிரை, பல்லுப் பிடுங்கும் கதிரை. சிவா ஒவ்வொன்றிலும் ஏறி இருந்து படம் எடுத்தான். அண்ணை எதையும் தொடவில்லை. மேல்தட்டில் அந்தப் பெரிய பீரங்கிகளுக்குக் கீழே பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அங்கேதான் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இது எவ்வளவு தூரம் அடிக்குமாம்?"

வழிகாட்டியிடம் கேட்டுச் சொன்னேன். கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்கு அடிக்குமாம்.

"அப்ப கரையில நிண்டாலும் தப்பேலாது" என்றார். அதற்கும் நான் ஏதோ பகிடி விட்டேன்.

பிறகு ஒரு சின்னப் படகில் ஏற்றிக் கப்பலைச் சுற்றிக் காட்டினார்கள். கீழே இருந்து பார்த்தால் வானத்தை மறைத்துக்கொண்டு சாம்பல் நிறச் சுவர். மேலே வெள்ளை யூனிபோர்மோடு ஒரு வயதானவர் ஒலிபெருக்கியில் கத்தினார். மியூசியத்துக்குத் தொண்டு வேலை செய்பவர்தான். பிள்ளைகளுக்காக ஒரு விளையாட்டு.

"படகில் யார்? ரிக்கற்றைத் தூக்கிக் காட்டுங்கள்!"

எல்லாரும் சிரித்துக்கொண்டு ரிக்கற்றை ஆட்டினார்கள். நான் கமராவோடு எழும்பினேன்.

அண்ணையும் எழும்பினார். சட்டைப் பொக்கற்றில் இருந்த புதுப் பாஸ்போட்டை விரித்து, தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தார். மற்றக் கையை வீசி வீசிக் கத்தினார்.

"இரடா! எழும்பாதை! இரடா!"

படகு முழுக்கச் சிரிப்பு. அதுவும் விளையாட்டின் ஒரு பகுதி என்று நினைத்து யாரோ கை தட்டினார்கள். நான் படம் எடுத்தேன்.

அந்தப் படத்தைக் கழுவி எடுத்து வீட்டில் பிரிட்ஜில் ஒட்டினேன். சாப்பாட்டுக் கதிரையை விட்டு யார் எழும்பினாலும் நானும் சிவாவும் "இரடா! எழும்பாதை!" என்போம். அண்ணையும் சிரிப்பார். ஒரு நாள் மட்டும் கேட்டார்.

"தம்பி, அந்தப் படத்தைக் கழட்டிவிடன்."

"ஏன் அண்ணை? நடிகர் மாதிரியெல்லோ நிக்கிறியள்!"

அவர் பிறகு கேட்கவில்லை. அந்த வீட்டை விடும்வரைக்கும் படம் அங்கேயேதான் இருந்தது.

அண்ணை கலியாணம் கட்டி புரோசார்ட் போனார். இந்தக் குளிருக்குள் அவரைப் புதைத்தது உங்களுக்குத் தெரியும். சிவாவால் பனிக்குள் ரொறொன்ரோவிலிருந்து வர முடியவில்லை. நான் போனேன். அண்ணையின் மனைவி ஜெசி அக்கா அழுதபடியே இருந்தார். கொஞ்சம் சிரிக்க வைக்கலாம் என்று இந்தக் கதையைச் சொன்னேன். கையைத் தூக்கி நடித்தும் காட்டினேன். என் புத்தி அப்படி.

அக்கா சிரிக்கவில்லை.

"அங்க கடல்ல நேவியின்ரை ரோந்துப் படகு மறிச்சா, ஒராள்தான் எழும்பி மீன்பிடிப் பாஸைத் தூக்கிக் காட்டுறது. மற்றவை அசையாம இருக்கவேணும். அண்டைக்கு இவரின்ரை கடைசித் தம்பியும் படகில இருந்தவன். பயத்தில எழும்பிட்டான். இவர் 'இரடா' எண்டு கத்த முந்தி அவனிலை வெடி விழுந்திட்டுது."

பிறகு மெல்லக் கேட்டார்: "உங்களிட்டை ஒருநாளும் சொல்லேல்லையோ?"

இல்லை அக்கா... நாங்கள் சொல்ல விடவில்லை.

அப்போது அந்தப் படத்தைச் சிரிப்பதற்கென்றே ஒரு நாளைக்குப் பத்துத் தரம் பார்த்தேன். அக்கா சொன்ன பிறகு ஒரு தரம் எடுத்துப் பார்க்கவே கை வரவில்லை. வெட்கமாக இருக்கிறது.

சிவா, நேற்று நீ கேட்ட பிறகுதான் எடுத்துப் பார்த்தேன். இவ்வளவு காலமும் அண்ணை கப்பலைப் பார்த்துக் கத்துகிறார் என்றுதானே நினைத்தோம். கப்பல் அவருடைய முதுகுப் பக்கம். நீ பக்கத்தில் இருந்து சிரிக்கிறாய். அவர் பார்ப்பது கமராவை.

அன்றைக்கு அந்தப் படகில் எழும்பி நின்றது நான்தானே மச்சான்.