மாமி வெட்டிய முத்திரைகள்

முதல் நாள் உறை என்றால் என்னவென்று விளக்கி விளக்கியே எனக்கு வாய் வலித்துவிட்டது. புதுத் தபால் முத்திரை வெளிவருகிற அன்றைக்கே அதை உறையில் ஒட்டி, அன்றைய திகதிச் சீல் குத்தி வாங்கவேண்டும். மூன்றும் சேர்ந்திருந்தால்தான் மதிப்பு. பிரித்தால் வெறும் குப்பை.

என்னிடம் இருந்த இரண்டு அல்பத்திலும் உள்ள உறைகள் என் மனைவி அனுப்பியவை. நான் மெல்பேர்னுக்கு வந்து அவளுடைய விசாவுக்குக் காத்திருந்த காலத்தில், மன்னார் தபால் கந்தோரில் வரிசையில் நின்று ஒவ்வொன்றாக அனுப்பினாள். "உங்களுக்குப் பெஞ்சாதி வேணுமோ, முத்திரை வேணுமோ?" என்று போனில் கேட்டுச் சிரிப்பாள். போன வருடம் அவள் கான்சரில் போய்விட்டாள். கிரெய்கிபர்ன் வீட்டில் இப்போது நானும் அவளைப் பெற்ற மாமியும்தான்.

போன சனிக்கிழமை வேலை முடிந்து வந்தால், மாமி குசினி மேசையில் கத்தரிக்கோலும் கையுமாக இருக்கிறார். முன்னால் என் அல்பம் ஒன்று. ஐஸ்கிரீம் டப்பா நிறைய முத்திரைகள். சுற்றிவரக் கொஞ்சம் கடதாசி விட்டு, முத்திரை ஓரத்தின் ஒரு பல்லும் கிழியாமல் வெட்டியிருந்தார். பாவித்த முத்திரைகளை விற்று ஏழைப் பிள்ளைகளுக்கு உதவுவதற்காக எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் ஒரு மிஷன் பெட்டி உண்டு. வீட்டுக்கு வரும் கடிதங்களில் வெட்டி மாமி அதில் போடுவது வழக்கம்தான். அதற்காக இதையுமா!

"ஐயோ மாமி! என்ன செய்து போட்டியள்?"

"ஏன் தம்பி? பிள்ளையின்ர ஆண்டுப் பூசை வருகுதெல்லோ. அவள் தன்ர கையால ஒட்டினதுகள். அவளின்ர ஆத்துமாவுக்கு ஒப்புக்குடுப்பம் எண்டுதான்."

 யாரைத் திட்டுவது? உறைகளை எடுத்துப் பார்த்தேன். மூலையில் சதுர ஓட்டை, பாதிச் சீல். என் பெயர் மட்டும் அவளுடைய கையெழுத்தில் அப்படியே கிடந்தது. ஒரு துண்டை எடுத்து ஓட்டையில் வைத்துப் பார்த்தேன். அச்சொட்டாகப் பொருந்தியது. பொருந்தி என்ன, வெட்டினது வெட்டினதுதானே. அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன்.

ஞாயிறு பூசைக்கு நான்தான் காரோட்டினேன். டப்பாவை மாமி மடியில் வைத்திருந்தார். பெட்டியடியில் அதை என்னிடம் நீட்டினார்.

"நீங்களே போடுங்கோ தம்பி. அவளுக்குச் சந்தோசமாயிருக்கும்."

போட்டேன். மாமி சிலுவை போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"மற்ற அல்பத்திலயும் அவள் ஒட்டினதுகள் கிடக்கோ தம்பி?"

கோயிலுக்குள் நின்றுகொண்டு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ஓம் மாமி," என்றேன்.