நாக்பூரிலேயே நின்ற லாரி

எண்பதுகளின் கடைசியில் நாமக்கல்லில் ஒரு லாரி ஆபீசில் கம்ப்யூட்டர் தட்டிக்கொண்டிருந்தேன். கட்டிக்கொண்டவர் அதே ஆபீஸ் லாரிக்கு டிரைவர். வடக்கே போவார், வந்தால் ஒரு ராத்திரி, மறுபடி வடக்கே. கடுதாசி எழுதுகிற ஆளும் இல்லை. அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குச் சொன்னது அந்தப் பெட்டிதான்.

டிரைவர்கள் போன் போடுவது சேலத்துத் தலைமை ஆபீசுக்கு. எந்த வண்டி எந்த ஊரில் நிற்கிறது என்பதை அங்கிருந்த ஆபரேட்டர் அண்ணன் தன் கம்ப்யூட்டரில் மாற்றுவார். எங்கள் பக்கத்து லோடுகளை நான் என்னுடையதில் போடுவேன். இரண்டும் ஒன்றுபோல இருக்க வேண்டுமே, அதற்காகக் கணக்கை ஏற்றிய பிளாப்பித் தட்டு ஒன்று காலையில் சேலத்துப் பஸ் கண்டக்டர் கையில் வரும், சாயங்காலம் திரும்பிப் போகும். வந்ததும் அவர் வண்டியைத்தான் முதலில் தேடுவேன். வாயில் நுழையாத ஊரெல்லாம் எனக்கு அத்துப்படி. மேனேஜர் கிண்டல் செய்வார்: “என்னம்மா, உன்ற ஊட்டுக்காரரு இன்னிக்கு எந்தூர்ல சோறுங்கறாரு?”

அந்த முறை நாக்பூர் என்று வந்தது. திரும்புகிற வழி! எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மறுநாளும் நாக்பூர். அதற்கு மறுநாளும் நாக்பூர். வண்டி படுத்துக்கொண்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். சேலத்துக்குப் போன் போட்டுப் புருஷனைப் பற்றிக் கேட்க வெட்கம். தம்மம்பட்டியில் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. இவர் வருவதற்குள் போய்வந்துவிடலாம் என்று லீவு சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

மறுநாள் சாயங்காலம் வந்து பூட்டைத் திறக்கிறேன், பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்தார்.

“எங்கடி போய்த் தொலஞ்ச? காத்தால உன்ற ஊட்டுக்காரரு வந்து வாசப்படியிலயே உக்காந்திருந்தாரு. சோறு போட்டேன், ரெண்டு வாய் தின்னுபோட்டு எந்திரிச்சுட்டாரு. மத்தியானம் வண்டி கொச்சிக்குப் போவுதாம். கைக்கெட்டுனது வாய்க்கெட்டாமப் போச்சே!”

தலையில் இருந்த மல்லிகையைப் பிய்த்து எறிந்தேன். அன்றைக்கு அழுத மாதிரி நான் கல்யாணத்தன்று கூட அழவில்லை.

விடிந்ததும் ஆபீசுக்குப் போய்ச் சேலத்துக்குப் போன் போட்டேன். வெட்கமாவது ஒன்றாவது.

“ஏனுங்கண்ணா, உங்களுக்குக் கண்ணு பொடனியிலயா இருக்குது?”

“தெரியாமப் பண்ணிப்போட்டேன் சாமி. தெனமும் பகல்ல ஊரெல்லாம் மாத்தி வெச்சுட்டு, சாயங்காலம் உன்ற பிளாப்பியில லோடை மட்டும் எடுக்காம அப்படியே அது மேல ஏத்திப்போட்டேன். என்னுது பூரா அழிஞ்சுபோச்சு. நேத்துத்தான் பாத்தேன். சரி பண்ணி இன்னிக்கு அனுப்பியிருக்கறேன்.”

நான் அனுப்பிய பழைய நாக்பூரையே எனக்குத் திருப்பித் திருப்பி அனுப்பியிருக்கிறார் மனுஷன். போனை வைத்தேன். பஸ்ஸில் வந்த பிளாப்பியை ஏற்றினேன். அவர் வண்டிக்கு நேரே நாமக்கல் என்று இருந்தது.

மறுநாள் காலையில் அடுத்த பிளாப்பி வந்தது. நான் அதைத் தொடவில்லை.

“ஏம்மா, இன்னும் ஏத்தலையா? சேலமும் நாமளும் ஒண்ணாட்டம் இருக்கோணுமில்ல?” என்றார் மேனேஜர்.

“நாளைக்கு ஏத்தறேனுங்க.”

அதில் கொச்சி என்று இருக்கும், எனக்குத் தெரியாதா? இன்னும் ஒரு பகல் அவர் நாமக்கல்லில் இருந்துவிட்டுப் போகட்டும்.