நடிகர் எடுத்துக் கொடுக்க வேண்டிய தாலி

அந்த நடிகரின் முகம் டிவியில் வந்தால் இன்றைக்கும் நான் எழுந்து போய் அணைத்துவிடுவேன். வீட்டில் சிரிக்கிறார்கள். நன்றாகச் சிரிக்கட்டும். ரெண்டு வருஷம் போல என் கழுத்தை வெறுங்கழுத்தாக வைத்திருந்தது அந்த முகம். அது சிரிக்கிறதைப் பார்த்துக்கொண்டு சோறு தின்ன என்னால் முடியாது.

நானும் ஒரு காலத்தில் அவருக்கு ரசிகைதான். அதைச் சொல்லாமல் விட்டால் கதை கோணலாகிவிடும். மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்குகளுக்குப் பின்னால் எங்கள் வீடு. சுற்றிலும் மலையாளம், வீட்டுக்குள் மட்டும் தமிழ், அதிலும் பாதி மலையாளம். எனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்க வந்ததே அவர் பட போஸ்டர்களைப் பார்த்துத்தான். பத்திரிகையில் வந்த படத்தை வெட்டி, மைதாப் பசை காய்ச்சி, என் டிரங்குப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தேன். பாவாடை எடுக்கப் பெட்டியைத் திறந்தால் அவர் சிரிப்பார். நானும் சிரிப்பேன். அந்த வயசில் எல்லாக் கழுதைகளும் செய்கிற காரியம்தான்.

என் அண்ணன் கதை வேறு. அவனுக்கு அது ரசனை இல்லை, ஜுரம். ஜூ டவுன் என்கிற யூதர் தெருவில் பழைய மரச்சாமான் விற்கும் கடையில் நாற்காலி, அலமாரிகளுக்குப் பாலிஷ் போடும் வேலை அவனுக்கு. பகலெல்லாம் அந்த வேலை, சாயங்காலம் சுள்ளிக்கல்லில் ஒரு சாயாக்கடைக்குப் பின்னால் ஓலைக் கொட்டகையில் ரசிகர் மன்றம். இவன்தான் தலைவன். சுமை தூக்குகிறவர்கள், இஸ்திரி போடுகிறவர்கள், ஹோட்டலில் மேசை துடைக்கிறவர்கள் என்று ஊரில் இருந்த தமிழ்ப் பையன்கள் எல்லாம் அங்கே அடைகிடப்பார்கள். படம் வந்தால் கட்அவுட்டுக்குப் பால் ஊற்றுவார்கள். வீட்டில் அம்மா சாயாவுக்குப் பால் இல்லாமல் கட்டஞ்சாயா குடிப்பாள்.

சாயாக்கடைக்காரச் சேட்டன் கேலி செய்வார். "எந்தா பாண்டி, நிங்ஙளுடெ தெய்வம் எப்போழா வருந்நது?" என்பார், உங்கள் தெய்வம் எப்போது வரும் என்று. எங்களைப் பாண்டி என்று யார் சொன்னாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அண்ணன் கோபப்படமாட்டான். "வருவாரு சேட்டா, கட்டாயம் வருவாரு" என்று பல்லைக் காட்டுவான். அதைப் பார்த்தால் சேட்டன் மேல் வந்த கோபம் அண்ணன் மேல் திரும்பும்.

எனக்கு மாப்பிள்ளை அமைந்தது அந்த நாளில்தான். தோப்பும்படியில் இரும்புக்கடையில் வேலை. சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். அதிகம் பேசாதவர், எந்த நடிகருக்கும் ரசிகர் இல்லை. அந்த ஒன்றுக்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அவருடைய அம்மா ஊரிலிருந்து வந்து பூ வைத்துவிட்டுப் போனார்கள். தை பிறந்ததும் கல்யாணம் என்று பேச்சு.

தை பிறந்தது. மன்றத்துக்கு ஆண்டுவிழா. அண்ணன் மைக்கைப் பிடித்தான். என்னத்தையோ பேசிக்கொண்டே போனவன், கைதட்டல் கேட்டுத் தலை சுற்றி, "என் தங்கச்சி கழுத்துல ஏறுற தாலிய எங்க தலைவர் கையால எடுத்துக் குடுப்பாரு! அது வரைக்கும் கல்யாணம் கிடையாது!" என்று சொல்லிவிட்டான். கொட்டகை அதிர்ந்ததாம். நான் வீட்டில் கப்பைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் தண்ணிக் குழாயடியில் ஒருத்தி சொல்லித்தான் எனக்கே தெரியும். என் கழுத்து, என் தாலி, என்னை ஒரு வார்த்தை கேட்க ஆள் இல்லை.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. எங்களில் தாலியைத் தேங்காய்மேல் வைத்து, தட்டைச் சபையில் சுற்றி எடுத்துவந்து, எல்லோரும் தொட்டுக் கும்பிட்ட பிறகு பெரிய மனுஷர் ஒருவர் அதை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுப்பார். அப்பா இருந்தால் சொந்தபந்தத்தில் ஒருவரைக் கூப்பிட்டிருப்பார். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா தாலி அறுத்தவள், தட்டுப் பக்கமே வரக்கூடாது. அண்ணன் வைத்ததுதான் சட்டம்.

அப்புறம் ஆரம்பித்தது கூத்து. மெட்ராசுக்கு ஆள் அனுப்பினான். ஒருதடவை இவனே போனான், நடிகர் வீட்டு வாசலில் நாள் பூராவும் நின்று காவல்காரனிடம் வசவு வாங்கிக்கொண்டு, கையெழுத்துப் போட்ட ஒரு போட்டோவோடு திரும்பி வந்தான். கையெழுத்து அச்சில் அடித்தது. விரலால் தடவிப் பார்த்தே நான் கண்டுபிடித்துவிட்டேன். இவன் அதைச் சாமிப் படங்களோடு மாட்டினான்.

ஒரு தை போய் இன்னொரு தையும் போனது. மாப்பிள்ளையின் அம்மா ஆள்மேல் ஆள் விட்டுப் பார்த்து, கடைசியில் தானே பஸ் ஏறி வந்து எங்கள் நடுவீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். "தம்பி, ஒங்க நடிகர் வந்து தாலி எடுத்துக் குடுக்கியதுக்குள்ள எம்மவனுக்கு நரைச்சிரும். இந்த ஆவணியில முடிச்சா முடி. இல்லன்னா கோயில்பட்டியில ஒரு பொண்ணு இருக்கு, நான் பாட்டுக்கு அங்க போயிருவேன், பாத்துக்க" என்றார்கள்.

அண்ணன் சிரித்தான். "அத்த, ஆவணிதான். ஆவணியில தலைவர் கொச்சிக்கே வராரு. போர்ட் கொச்சியில ஷூட்டிங்!"

என்ன சொல்ல! அது நிஜம். கடற்கரையில் சினிமா எடுக்கப்போகிறார்கள் என்று ஊரே பேசியது. அண்ணன் ஷூட்டிங் நாளைக் கேட்டு, அதற்குள் ஒரு முகூர்த்தம் பார்த்து, அம்மன் கோயில் முற்றத்தில் பந்தல் போட்டுவிட்டான். கம்பெனிக்கு உள்ளூர் ஏற்பாடு பார்க்கும் மலையாளத்தாரை ஹோட்டல் வாசலில் பிடித்துக் காலில் விழாத குறையாகக் கெஞ்சியிருக்கிறான். அந்த ஆள் முழுசாகக் கேட்டுவிட்டு, "ஆயிக்கோட்டே, நமுக்கு காணாம்" என்றாராம். ஆயிக்கோட்டே என்றால் ஆகட்டும்.

இந்தக் 'காணாம்' என்ற சொல்லைப் பற்றி நான் கொஞ்சம் பேசியாக வேண்டும். மலையாளத்தில் காணாம் என்றால் பார்க்கலாம். கண்ணுக்குத் தெரிகிறது என்றாலும் காணாம்தான். ஒருவரை மரியாதையாகத் துரத்திவிட அவர்களுக்கு அதைவிடத் தோதான சொல் கிடையாது. நம் தமிழிலோ காணோம் என்பதைத்தான் பேச்சில் காணாம் என்கிறோம். ஆடு காணாம், ஆளைக் காணாம். அண்ணனுக்கு ரெண்டும் தெரியும். ஆனால் தலைவர் விஷயத்தில் அவன் காதில் மலையாளம் மட்டும்தான் விழும். துள்ளிக்கொண்டு வந்தான்.

கல்யாணத்தன்று காலையில் பந்தலுக்குள் நுழைந்ததும் முதலில் என் கண்ணில் பட்டது ஒரு நாற்காலி. கடை முதலாளியிடம் கேட்டு அண்ணன் தூக்கி வந்தது, கைப்பிடியில் சிங்கமுகம் செதுக்கிய பழைய காலத்து நாற்காலி. ராத்திரியெல்லாம் பாலிஷ் போட்டு முகம் பார்க்கிற மாதிரி வைத்திருந்தான். மணவறைக்கு எதிரில், மேலே துண்டு விரித்து, கயிறு கட்டி, மன்றத்துப் பையன்கள் ரெண்டு பேர் காவல். மாப்பிள்ளையின் அம்மா முழங்கால் வலியோடு நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களை ஒரு பயல் அதில் உட்காரச் சொல்லவில்லை.

தாலித் தட்டு சபையைச் சுற்றி வந்தது. ஐயர் கையை நீட்டினார். அண்ணன் தட்டை வாங்கி, யார் கைக்கும் கொடுக்காமல், நேரே கொண்டுபோய் அந்த நாற்காலியில் வைத்தான்.

"தலைவர் வந்து எடுக்கட்டும்" என்றான்.

மேளம் வாசித்தவர் வாசித்து ஓய்ந்தார். ஹோமப் புகையில் எனக்குக் கண் எரிந்தது. ஐயர் ரெண்டுதரம் நேரம் போகிறது என்றார், அண்ணன் தெருவையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு பையனைச் சைக்கிளில் கடற்கரைக்கு விரட்டினான். அவன் போய் மூச்சிரைக்கத் திரும்பி வந்தான்.

"அண்ணே, அங்கயும் பந்தல் போட்டு வாழமரம் கட்டியிருக்கு. மேளக்காரங்க கூட இருக்காங்க!"

"பாத்தியா! நம்ம கல்யாணத்துக்குத்தான் ஏதோ பண்றாரு! கம்பெனிக்காரச் சேட்டன் என்ன சொன்னாரு?"

"காணாம்னு சொன்னாரு."

அண்ணன் ரெண்டு கையையும் மேலே தூக்கினான். "கேட்டீங்களா! பாக்கலாம்னு சொல்லியாச்சு! வந்துருவாரு!"

மாப்பிள்ளையின் அம்மா சங்கரன்கோவில் தமிழைத் தவிர வேறெதுவும் அறியாதவர்கள். அவர்களுக்கு வந்ததே ஆத்திரம். "ஏ கூறுகெட்டவனே! ஆளக் காணாம்னுல்லா அந்தப் பய சொல்லுதான்! காணாமப் போனவனுக்கு நாற்காலி ஒரு கேடா? எந்திரிலே ராசா, போதும் இந்தச் சம்பந்தம்!" என்று மகன் தோளைப் பிடித்து இழுத்தார்கள்.

அண்ணன் மலையாளத்தில் கேட்டான், அந்த அம்மா தமிழில் கேட்டார்கள். அந்த அம்மா கேட்டதுதான் சரி. அது எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா இழுத்த இழுப்பில் அவருக்குப் பாதி உடம்பு மணையை விட்டு எழுந்திருந்தது. என்னைத்தான் பார்த்தார். எழுந்து நின்றுவிட்டால் எல்லாம் போச்சு. கோயில்பட்டிப் பெண்ணுக்குக் கல்யாணம், எனக்கு அந்த டிரங்குப் பெட்டி.

மணப்பெண் மணையை விட்டு எழுந்திருக்கக்கூடாது. நான் எழுந்தேன். பட்டுச்சேலை காலைத் தடுக்கியது, தூக்கிச் செருகிக்கொண்டேன். கயிற்றை இறக்கிவிட்டு அந்த நாற்காலிக்கு முன்னால் போய் நின்றேன். காவலுக்கு நின்ற பையன், "அக்கா, தொடாதீங்க, தலைவர்..." என்று ஆரம்பித்தான். "போடா உன் தலைவரும் நீயும்" என்றேன். தாலியை எடுத்தேன். மஞ்சள் கயிறு கையில் ஈரமாக இருந்தது. திரும்பி வந்து மாப்பிள்ளைக்கு எதிரில் நீட்டினேன்.

தூணுக்குப் பின்னால் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"பொண்ணே எடுத்துக் குடுக்குதா!" என்று மாப்பிள்ளையின் அம்மா திறந்த வாய் மூடவில்லை. மாப்பிள்ளை அவர்கள் கையை உதறிவிட்டு மணையில் சரியாக உட்கார்ந்தார். "குடு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து தலையைக் குனிந்தேன். மேளக்காரர்கள் அண்ணனைப் பார்த்தார்கள், அவன் மரமாக நின்றான். ஐயர்தான் "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று கத்தினார், நல்ல மனுஷன்.

அண்ணன் பந்தியில் உட்காரவில்லை. நான் கும்பிடப் போனபோது, "சபையில என் மானத்த வாங்கிட்டியே. தலைவர் தொட வேண்டியத நீ தொட்டுட்டியே" என்றான். நல்லா இரு என்று ஒரு வார்த்தை அவன் வாயில் வரவில்லை. நாற்காலியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஜூ டவுனுக்கு நடந்தான். அந்த நடிகர் அன்றைக்கும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை, ஷூட்டிங் முடிந்து போயே போய்விட்டார். அண்ணன் ஒரு வார்த்தை அவரைக் குறை சொல்லவில்லை. என்னோடுதான் பேச்சை நிறுத்தினான்.

பல மாதம் கழித்து அந்தப் படம் வந்தது. நான் அப்போது முழுகாமல் இருந்தேன். அண்ணன் தானாக வீட்டுக்கு வந்து, "சினிமாவுக்குப் போலாம், வா" என்றான். பேச்சு வந்ததே என்று நானும் போனேன். என் வீட்டுக்காரர் வரவில்லை, அவருக்குக் கடை இருந்தது.

படம் பாதிக்கு மேல் போனது. கடற்கரை வந்தது, எங்கள் போர்ட் கொச்சிக் கடற்கரை. பின்னால் சீனவலை ஏறி இறங்குகிறது. முன்னால் பந்தல், வாழைமரம், மேளக்காரர்கள். தங்கச்சிக்குக் கல்யாணம். அண்ணனாக அந்த நடிகர். தட்டில் இருந்த தாலியை ரெண்டு கையாலும் எடுத்து, கண்ணில் ஒற்றி, மாப்பிள்ளை கையில் கொடுக்கிறார். கண்ணீர் தாரையாக வழிகிறது. தியேட்டரில் விசில் நின்று எல்லோரும் மூக்கை உறிஞ்சினார்கள்.

சைக்கிளில் போன பையன் பார்த்த பந்தல் அது. இங்கே எங்கள் முகூர்த்தம் போய்க்கொண்டிருந்த அதே காலையில், அங்கே யாரோ ஒருத்திக்கு, சம்பளத்துக்கு நடிக்க வந்தவளுக்கு, எடுத்துக் கொடுத்திருக்கிறார். சரியாக வரும்வரை திரும்பத் திரும்பக் கொடுத்திருப்பார்.

பக்கத்தில் அண்ணன் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தான். இருட்டில் துழாவி என் கையைப் பிடித்தான்.

"பாத்தியா? குடுத்துட்டாரு பாத்தியா? சொன்னேன்ல, எடுத்துக் குடுப்பாருன்னு. பாத்தியா?"

"காணாம்" என்றேன்.

அவன் அதை மலையாளத்தில் எடுத்துக்கொண்டான். சந்தோஷமாக என் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்து, மறுபடி திரையைப் பார்த்தான்.

நான் தமிழில் சொன்னேன்.