புரட்டாசி மாத ஊசி

திருப்பதியில் நாங்கள் குடியிருந்த அறையில் ஃபிரிட்ஜ் கிடையாது. சின்ன வயதிலேயே சர்க்கரை வந்த என் மனைவியின் இன்சுலின் புட்டியைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, தண்ணீர்ப் பானைக்குள் தொங்கவிட்டிருப்போம். நகரியில் தறி ஓட்டியவன் நான். வெளியூர் மில் துணி மலிவாக வந்து குவிந்தபோது எங்கள் தெருவில் பல தறிகள் நின்றுபோயின. பிழைப்புக்குத் திருப்பதி வந்து, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் படுக்கை விரிப்பு துவைக்கும் வேலையில் சேர்ந்தேன். அவள் வாசலில் இட்லி சுட்டு விற்றாள். ஒரே மகள், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள்.

எனக்குப் படிப்பு ஐந்தாவதோடு சரி. அதைவிடப் பெரிய குறை, நாலு பேர் முன்னால் வாய் வராது. மருந்துக் கடைக்குக்கூட அவள்தான் போவாள். அங்கேதான் அந்தப் பேச்சு கிளம்பியிருக்கிறது. புரட்டாசி பிறந்த வாரம், கடைக்காரர் விளையாட்டாகச் சொல்லியிருக்கிறார்: "ஏமக்கா, கவுச்சியே தொடமாட்டேன்ற. இந்த ஊசி மருந்து மாட்டுலருந்து எடுக்கறது, தெரியுமா?"

புரட்டாசி எங்களுக்குப் பெருமாள் மாதம். மீன் கழுவும் சட்டிகூட அந்த மாதம் பரணுக்குப் போய்விடும். அவள் வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லவில்லை. புட்டியைப் பானைக்குள் விட்டாள், அதோடு சரி.

கொஞ்ச நாளில் பானைத் தண்ணீர் சீக்கிரம் சீக்கிரமாகத் தீர ஆரம்பித்தது. அவள்தான் குடித்துக்கொண்டே இருந்தாள். மாவு அரைத்த இடத்திலேயே சாய்ந்து படுத்தாள். சந்தேகம் வந்து பானைக்குள் கைவிட்டுப் பார்த்தேன். புட்டியில் மருந்து அப்படியே இருந்தது.

"ஊசி போட்டுக்கினு இருக்கியா?"

"போட்டுக்கினுதான் கீறேன்."

"புட்டி அப்படியே கீதே."

பானையை மூடிவிட்டுச் சொன்னாள்: "அது மாட்டு ஊசி மாமா. மாசம் முடியட்டும். பெருமாளு பாத்துக்குவாரு."

அதுவரைக்கும் நீ தாங்குவாயா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் விடிந்ததும் வாந்தி எடுத்தாள். மூச்சு வேகமாக வாங்கியது. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

டாக்டரம்மா தெலுங்குக்காரர், தமிழும் பேசுவார். "ஊசி தவறாம போட்டாங்களா?" என்று கேட்டார். பின்னால் வரிசை நின்றது. நான் தரையைப் பார்த்தேன். திரும்பவும் கேட்டார்.

"போடல மேடம். புரட்டாசி."

அவ்வளவுதான் சொன்னேன். திருப்பதியில் வைத்தியம் பார்க்கிறவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. உடனே படுக்கையில் போட்டு சலைன் ஏற்றச் சொன்னார். பிறகு அவள் தலைமாட்டுக்கு வந்தார்.

"அம்மா, இப்ப மாடு, பன்னி எதுவும் இல்லாத இன்சுலின் வந்திருக்கு. ரொட்டி உப்பறதுக்கு ஈஸ்ட்டு போடுவாங்களே, அது ஒரு சின்ன உயிரு. இன்சுலின் எப்படிச் செய்யணும்னு மனுஷ உடம்புக்குள்ள ஒரு குறிப்பு இருக்கு. அதே குறிப்பை அந்த ஈஸ்ட்டுக்குள்ள வெச்சிட்டாங்க. தொட்டியில அது பெருகிக்கிட்டே இன்சுலின் செஞ்சு குடுக்குது."

அவள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்: "மனுஷங்களதா? அப்ப அது மனுஷக் கவுச்சியாச்சே."

பக்கத்துக் கட்டில்காரி சிரித்துவிட்டாள். டாக்டரம்மாவும் சிரித்தார். "சதை எதுவும் எடுக்கலம்மா. குறிப்பு மட்டும்தான்."

"குடுத்தவங்களுக்குக் கொறைஞ்சிருக்குமே?"

"ஒண்ணும் குறையாது."

அவள் யோசித்தாள். ஊசியோடு நர்ஸ் காத்திருந்தார்.

"ஒறமோரு மாதிரியா?"

பால் உறைய ஊற்றுகிற மோரைச் சொன்னாள்; டாக்டரம்மாவுக்கு அந்தச் சொல் பிடிபடவில்லை. என் வாய் தானாகத் திறந்தது. "தோடு மேடம். பெருகு தோடு" என்று தெலுங்கில் சொன்னேன்.

"ஆ, அவுனு, அதேதான்!" என்றார்.

ஒரு கரண்டி கொடுத்தால் கொடுத்த வீட்டுத் தயிர் குறையாது, வாங்கிய வீட்டில் பானை நிறைய உறையும். மாவு புளிக்கவைத்துப் பிழைத்தவளுக்கு அது போதும். கையை நீட்டினாள். "போடுங்க. எந்தப் புண்ணியவதி குடுத்தாளோ." கொடுத்தது ஒரு பெண்தான் என்று அவளே முடிவு செய்துவிட்டாள்.

புரட்டாசி கடைசிச் சனிக்கிழமை அவளே மாவிளக்கு ஏற்றினாள்.

பல வருஷம் கழிந்தது. மகள் டிகிரி முடித்து பெங்களூர் கம்பெனியில் வேலைக்குப் போனாள். வரன் பேசிக்கொண்டிருந்த சமயம், ஒருநாள் சாயங்காலம் அதே ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்கப் போயிருந்தோம். ஆராய்ச்சிக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். சின்ன வயதிலேயே சர்க்கரை வந்தவர்கள், அவர்கள் குடும்பத்தார் ரத்தம் கொடுத்தால், அதிலுள்ள மரபணுவைப் படித்து, பல நாட்டு ஆராய்ச்சிக்காரர்களும் பார்க்கும்படி வைப்பார்களாம்.

"நம்ம ரத்தத்த பாரின்ல வித்துக்கினு பங்களா கட்டுவானுங்க" என்று ஒருவர் எழுந்து போனார். நாலைந்து பேர் அவர் பின்னாலேயே போனார்கள்.

எனக்குப் பயம் வேறு. மகளின் கல்யாணம். யாரும் கேட்காததால் நானே எழுந்து நின்றேன்.

"பேரு வெளிய போவுமா சார்?"

"பேர் போகாதுங்க, நம்பர்தான் போகும். ஆனா யாருமே எப்பவுமே கண்டுபிடிக்க முடியாதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். இஷ்டமில்லேன்னா வேணாம். அதுக்காக மருந்து நிக்காது."

சத்தியம் பண்ண மாட்டேன் என்றாரே, அதனால்தான் அவர்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது. மகளுக்குப் போன் போட்டேன்.

"சக்கரைய மறைச்சி எனக்கு ஒரு கல்யாணம் வேணாம் நைனா. குடுங்க" என்றாள்.

நான் சட்டைக் கையை மடித்தேன். மனைவி என்னை இழுத்து உட்காரவைத்தாள்.

"இப்ப வாணாம். வெளக்கு வெக்கிற நேரம். வெளக்கு வெச்சப்புறம் நான் யாருக்கும் ஒறமோரு குடுத்ததில்ல. காலையில வர்றோம் சார்."

அவர் முழித்தார். பிறகு, "காலையில வெறும் வயித்தோட வந்தீங்கன்னா எங்களுக்கும் நல்லதும்மா" என்றார்.

மறுநாள் கதவு திறப்பதற்கு முன்பே போய் நின்றோம். முதலில் அவள் கொடுத்தாள், பிறகு நான். வெளியே வந்து காபி குடிக்கும்போது கேட்டாள்:

"இது எந்த ஊருக்குப் போவும் மாமா?"

"தெரியல."

"போவட்டும். எந்த வீட்டுலயாவது ஒறைஞ்சா சரி."